அரசிலச்சினையும் உணவுக்கலமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

   

ஒரு நிலத்தைப் பற்றிப் பேசுங்கால் அந்நிலத்தின் தெய்வத்தையும் மரத்தையும் பறவையையும் மட்டும் சொல்லி அமையாமல், அந்நிலத்து மக்கள் உண்ணும் உணவையும் கருப்பொருளாகச் சேர்த்து எண்ணியவர் தொல்காப்பியர். குறிஞ்சிக்குத் தினையும் ஐவன நெல்லும், முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்திற்குச் செந்நெல்லும் என உரையாசிரியர்கள் வகுத்துக் காட்டினர். உணவு என்பது தனிமனிதனின் நாவுக்குரிய செய்தி மட்டுமன்று. அது நிலத்தின் இயல்பிலிருந்து பிறப்பது என்பதே இவ்வெண்ணத்தின் உட்கிடை.

இந்த அளவுகோலைக் கொண்டு ஆஸ்திரேலியக் கண்டத்தை நோக்கினால் ஒரு பெரும் முரண் புலப்படுகிறது. அக்கண்டத்திற்கே உரிய விலங்கு கங்காரு. அந்நாட்டின் அரசிலச்சினையில் ஈமுப் பறவையோடு நின்று கேடயத்தைத் தாங்குவதும் அதுவே. ஆயின் அந்நாட்டின் பெரும்பான்மை மக்கள் உண்பவை 1788ஆம் ஆண்டில் முதற் குடியேற்றக் கப்பல்களோடு வந்திறங்கத் தொடங்கிய ஆட்டின் இறைச்சியும் மாட்டின் இறைச்சியுமாம். கங்காரு இறைச்சி கடைகளில் கிடைத்தும் பலர் அதனை வாங்கத் தயங்குகின்றனர். வாங்குவோரும் தம் செயலுக்கு ஒரு விளக்கம் கூறவேண்டியவராகின்றனர். தன் அரசிலச்சினையைத் தானே உண்ணும் நாடு என்று ஆஸ்திரேலியர் தம்மைத் தாமே எள்ளி நகையாடுவதும் உண்டு. இந்தத் தயக்கத்தின் வேர் யாது? அது அருளின்பாற்பட்டதா, பழக்கத்தின்பாற்பட்டதா? கங்காரு இறைச்சியை உண்பதும் மறுப்பதும் எந்த அறத்தின்மேல் நிற்கின்றன? இவ்வினாக்களே இவ்வுரையின் பொருள்.

பெயர் வந்த வரலாறு

1770ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஜேம்ஸ் குக் செலுத்திய 'எண்டவர்' என்னும் கப்பல் பவளப்பாறையில் மோதிச் சேதமுற்றது. அதனைச் செப்பனிடுவதற்காகக் குக்கும் அவர்தம் குழுவினரும் இன்றைய குவீன்ஸ்லாந்தின் வடபகுதியில் ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில் கரையேறினர். அவ்விடத்தில் எழுந்த ஊரே இன்றைய குக்டவுன். அங்கு வாழ்ந்தவர்கள் கூகு யிமிதிர் என்னும் மொழியைப் பேசும் மக்கள். அவர்களிடமிருந்து தாவிச் செல்லும் அந்தப் புதுமை விலங்கின் பெயரைக் கேட்டுக் குழுவிலிருந்த ஜோசப் பேங்க்ஸ் குறித்துவைத்தார். அவர் செவியில் விழுந்த சொல் 'கங்குரு' என்பது. ஜூலை 14ஆம் நாள் ஜான் கோர் என்னும் அலுவலர் அவ்விலங்கொன்றைச் சுட்டு வீழ்த்தினார். மறுநாள் அது சமைக்கப்பட்டது. இறைச்சி மிக நன்றாக இருந்தது என்ற கருத்தைக் குக் தம் நாட்குறிப்பில் பதிந்தார்.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின், 1820ஆம் ஆண்டில், பிலிப் பார்க்கர் கிங் என்னும் கடற்படைத் தலைவர் அதே ஆற்றங்கரைக்கு வந்தார். அவ்விலங்கைக் குறித்து அவருக்குக் கிடைத்த சொல் வேறாக இருந்தது. 'மின்ஹா' என்பதை ஒட்டிய ஒரு சொல்லையே அவர் பதிவு செய்தார். இரண்டு பதிவுகளும் மாறுபட்டமையால், குக்கின் குழுவினர் ஏமாந்துவிட்டனர் என்றும், 'கங்காரு' என்பதற்கு 'எனக்குத் தெரியாது' என்பதே பொருள் என்றும் ஒரு கதை பரவியது. இன்றும் அக்கதையை மெய்யென நம்புவோர் உளர்.

1970களில் கூகு யிமிதிர் மொழியை அம்மக்களிடையே இருந்து ஆராய்ந்த ஜான் ஹேவிலண்ட் என்னும் மொழியியலறிஞர் இச்சிக்கலைத் தீர்த்தார். 'கங்குரு' என்பது அம்மொழியில் ஒரு குறிப்பிட்ட பெருங்கங்காரு இனத்தின் பெயர். 'மின்ஹா' என்பதோ உண்ணத்தகும் விலங்கு, இறைச்சி என்னும் பொருளுடைய பொதுச்சொல். எனவே பேங்க்ஸும் தவறிழைக்கவில்லை, கிங்கும் தவறிழைக்கவில்லை. ஒருவர் கேட்டது அவ்வுயிரின் பெயரை. மற்றவர் கேட்டது மனிதர்க்கு அதனோடுள்ள உறவை. இரு சொற்களும் அம்மக்களின் நாவில் அருகருகே வாழ்ந்தன. பெயரிட்டு அறிந்த உயிரையே அவர்கள் உணவாகவும் கொண்டனர். அவ்வாறு கொண்டதை மறைக்க அவர்களுக்கு வேறொரு சொல் வேண்டியிருக்கவில்லை.

சொல்லின் பயணத்தில் இன்னும் ஒரு நிகழ்ச்சி கவிஞர்கள் அறியத்தக்கது. 1788இல் சிட்னித் துறைமுகத்தில் இறங்கிய ஆங்கிலேயர், அங்குள்ள மக்களின் மொழி வேறு என்பதை அறியாமல் 'கங்காரு' என்னும் சொல்லை அவர்களிடம் பயன்படுத்தினர். அதனை ஆங்கிலச் சொல்லென்றே அம்மக்கள் கருதினர். பட்டியில் அடைக்கப்பட்டிருந்த ஆடுகளைக் கண்டு அவர்கள் 'கங்காரு, கங்காரு' எனக் கூவியதை வாட்கின் டென்ச் என்னும் படை அலுவலர் எழுதிவைத்துள்ளார். வந்த விலங்குக்கு நிலத்து விலங்கின் பெயர் சூட்டப்பட்ட அந்தச் சிறு பிழை, பின்னர் நிகழவிருந்த பெரும் இடமாற்றத்தின் முன்னறிவிப்புப் போல அமைந்துவிட்டது.

பகிர்வு மறுக்கப்பட்ட நாள்

குக்கின் குழுவினர் கங்காருவைச் சமைத்துண்ட நான்கு நாள்களுக்குப்பின், ஜூலை 19ஆம் நாளன்று, கூகு யிமிதிர் ஆடவர் சிலர் கப்பலுக்கு வந்தனர். தளத்தில் கடலாமைகள் பல கிடந்தன. அவை தம் கடலிலிருந்து பிடிக்கப்பட்டவை ஆதலால் அவற்றுள் ஒன்றைத் தருமாறு அவர்கள் கேட்டனர். மறுக்கப்பட்டது. தாமே ஒன்றை இழுத்துச்செல்ல முயன்றபோது தடுக்கப்பட்டனர். சினம் கொண்ட அவர்கள் கரைக்குச் சென்று, ஆங்கிலேயர் தங்கியிருந்த இடத்தைச் சூழ்ந்த புல்லுக்குத் தீயிட்டனர். குக் சுட்டார், ஒருவர் காயமுற்றார். பின்னர் முதியவர் ஒருவர் முனை நீக்கிய ஈட்டியை ஏந்தி வந்து அமைதி பேசினார். ஆஸ்திரேலிய வரலாற்றில் எழுத்தில் பதிவான முதல் இணக்கம் இது எனக் குக்டவுனில் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

இந்நிகழ்ச்சியில் பூசலுக்கு அடிப்படையாய் அமைந்தது யாது? விலங்கு கொல்லப்பட்டமை அன்று. நிலத்துக்கும் கடலுக்கும் உரியவர்களைக் கேளாமல் எடுத்தமையும், எடுத்ததைப் பகிராமையுமே ஆகும். கங்காரு இறைச்சி பற்றிய எந்த ஆய்வும் இவ்விரண்டையும் மறந்து நடத்தப்படுமானால் அது முழுமையுறாது.

உண்ணலும் ஒறுத்தலும்

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் வாழும் அனங்கு மக்கள் செங்கங்காருவை 'மாலு' என அழைக்கின்றனர். அதனைச் சமைப்பதற்குக் கட்டுப்பாடான மரபு உண்டு. மயிரைத் தீயில் வாட்டிச் சுரண்டி, குடலை நீக்கி, குழியில் தணலிட்டு, விலங்கை முழுதாக அதனுள் வைத்துச் சுடுமணலாலும் சாம்பலாலும் மூடுவர். வெந்தபின் பங்கிடுவதற்கும் முறை உண்டு. எப்பகுதி யாருக்கு என்பதை உறவுமுறையே முடிவு செய்கிறது. பாலைநிலத்து மக்கள் பலரிடையே மனைவியின் பெற்றோர்க்குச் சிறந்த பங்கு செல்லும். வேட்டையாடியவன் தனக்கென எடுத்துக்கொள்வது சிறிதே. வால்பகுதி சுவைமிக்கதாகப் போற்றப்படுகிறது. உள்நாட்டுச் சிற்றூர்க் கடைகளில் உறையவைத்த கங்காரு வால் இன்றும் விற்கப்படுவது இம்மரபின் தொடர்ச்சியே எனலாம்.

அரண்டா மக்களிடையே நிலவிய மரபு இன்னும் நுட்பமானது. ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் உயிரின் அல்லது இயற்கைப் பொருளின் குலமரபில் பிறந்தவராகக் கருதப்படுவர். கங்காருவைக் குலமரபாகக் கொண்டவர் கங்காரு பெருகுதற்குரிய சடங்குகளைச் செய்வர். ஆயின் அதனை மிகச் சிறிதளவே உண்பர். பால்ட்வின் ஸ்பென்சரும் பிரான்சிஸ் கில்லனும் 1899ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்துள்ளனர். தாம் ஒறுத்துப் பிறர்க்கு ஊட்டுதல் இதன் சாரம்.

அரண்டா மொழியைத் தாய்மொழிபோல் பேசி வளர்ந்த ஸ்ட்ரெலோ என்னும் அறிஞர் 1947இல் எழுதிய நூலில் கிராஞ்சி என்னும் செங்கங்காருப் புனிதத் தலத்தைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அத்தகைய தலங்களின் சுற்றுப்புறத்தில் வேட்டையாடுதல் விலக்கப்பட்டிருந்தது. ஆலன் நியூசம் என்னும் விலங்கியலறிஞர் செங்கங்காருவின் வாழிடங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். அவர் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்று இலக்கியம் பயில்வோர் அனைவரும் அறியவேண்டிய உண்மையை எடுத்துக்காட்டியது. செங்கங்காரு முன்னோர் நடந்து சென்றதாகப் புராணப் பாடல்கள் கூறும் வழிகள் அவ்விலங்கின் மிகச் சிறந்த மேய்ச்சல் நிலங்களோடு ஒத்துப்போயின. புல்லற்ற பாலையைக் கடக்கவேண்டிய இடங்களில், அம்முன்னோர் நிலத்தடியிலோ வான்வழியிலோ சென்றதாகக் கதை கூறுகிறது. புனிதத் தலங்களோ வறட்சிக் காலத்தில் கங்காருக்கள் உயிர் பிழைக்கும் புகலிடங்கள். ஒரு மக்களின் பாட்டு அவ்விலங்கின் காப்பரணாகவும் விளங்கியது என்பது கற்பனையன்று. நிலப்படத்தில் சரிபார்க்கப்பட்ட செய்தி.

ஆகவே இம்மக்களின் வாழ்வில் கங்காருவை உண்பது என்பது, எங்கே கொல்லலாகாது, யார் குறைவாக உண்ணவேண்டும், யாருக்கு முதற்பங்கு என்னும் விலக்குகளும் கடமைகளும் சூழ்ந்த ஒரு செயல். உணவு இருந்தது, அதனினும் முன்னதாக ஒழுக்கம் இருந்தது.

பஞ்சத்தில் உணவு, செழிப்பில் பகை

குடியேறிய ஆங்கிலேயர் கங்காருவை உண்ணவே இல்லை என்பது தவறு. வான் டீமன்ஸ் லேண்ட் என அந்நாளில் வழங்கிய தாஸ்மானியாவில், 1804இல் ஹோபார்ட் குடியிருப்பு நிறுவப்பட்ட தொடக்க ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு வாட்டியது. அப்போது அக்குடியிருப்பைப் பெரிதும் காத்தது கங்காரு இறைச்சியே. வேட்டைநாய்களோடு காட்டுக்குள் சென்று கொன்று கொணர்ந்த இறைச்சியை அரசுக் கிடங்கே விலைகொடுத்து வாங்கியது. அந்த வேட்டை அத்தீவின் பழங்குடியினரது உணவையும் வேட்டை நிலத்தையும் பறித்தது. பின்னர் மூண்ட குருதிப்பூசல்களின் காரணங்களுள் அதுவும் ஒன்று. 1864ஆம் ஆண்டில் எட்வர்ட் அபட் என்னும் தாஸ்மானியர் வெளியிட்ட நூலே ஆஸ்திரேலியாவின் முதற் சமையல் நூல் எனப்படுகிறது. அதில் கங்காரு இறைச்சியை உப்பிட்ட பன்றியிறைச்சியோடு மெல்ல வேகவைக்கும் முறையும் பிறவும் இடம்பெற்றுள்ளன.

ஆட்டுப்பண்ணைகள் பெருகியபின் நிலைமை மாறியது. உணவாக இருந்த விலங்கு புல்லுக்குப் போட்டியிடும் பகையாயிற்று. 1877ஆம் ஆண்டில் குவீன்ஸ்லாந்து பைம்மா விலங்குகளை அழிப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. கொன்றதற்கு அடையாளம் காட்டினால் பரிசுத்தொகை. பல மில்லியன் விலங்குகள் அவ்வாறு மாண்டன. மறுபுறம், பண்ணைக்காரர் ஆட்டுக்கும் மாட்டுக்குமாக அமைத்த நீர்நிலைகளும், டிங்கோ நாய்களைத் தடுக்க எழுப்பிய ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர் நீள வேலியும் சில பெருங்கங்காரு இனங்கள் பெருக வழிசெய்தன. பெருகவும் செய்து, பெருகியதென்று பழிக்கவும் செய்த வரலாறு இது.

1908இல் வழங்கப்பட்ட அரசிலச்சினையிலும், 1912இல் அது மாற்றியமைக்கப்பட்டபோதும் கங்காரு இடம்பெற்றது. அதே காலத்தில் அதன் தோல் வணிகப்பொருளாகவும், பின்னாளில் அதன் இறைச்சி நாய்க்கும் பூனைக்குமான தீனியாகவும் ஆயின. தெற்கு ஆஸ்திரேலியாவில் மட்டும் 1980இல் மனித உணவாக விற்க இசைவு கிடைத்தது. 1981இல் அமெரிக்காவுக்கு மாட்டிறைச்சி எனச் சொல்லி அனுப்பப்பட்ட பெட்டிகளில் குதிரை இறைச்சியும் கங்காரு இறைச்சியும் கலந்திருந்தமை வெளிப்பட்டுப் பெரும் அவப்பெயரைத் தந்தது. அரசு விசாரணை ஆணையம் அமைக்கவேண்டியதாயிற்று. ஏனைய மாநிலங்களில் மனித உணவாக விற்பதற்கான தடை நீங்கியது 1993ஆம் ஆண்டளவில்தான். அரசிலச்சினையில் பெருமையோடு நின்ற விலங்கு, உணவுக்கலத்திற்கு வந்தபோது வேறொரு விலங்கின் பெயரில் ஒளிந்து வரநேர்ந்தது.

உண்பார் கூறும் காரணங்கள்

கங்காரு இறைச்சியை ஆதரிப்போரின் காரணங்கள் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. முதலாவது, நிலம். ஆடும் மாடும் குளம்புடையன. வறண்ட நிலத்தின் மெல்லிய மேல்மண்ணை அவை மிதித்துச் சிதைக்கின்றன. கங்காருவின் பாதம் மென்மையானது. குறைந்த நீரில் வாழ்வது. வறட்சிக்கு ஏற்பத் தன் இனப்பெருக்கத்தையே நிறுத்திக்கொள்வது. இக்காரணத்தால் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்து விலங்கியலறிஞர் கார்டன் கிரிக் 1980களின் பிற்பகுதியில் ஒரு கருத்தை முன்வைத்தார். கங்காரு இறைச்சிக்கு நல்ல விலை கிடைக்குமானால் பண்ணைக்காரர் ஆடுகளைக் குறைப்பர்; நிலமும் மீளும் என்பது அக்கருத்து.

இரண்டாவது, காற்றுமண்டலம். அசைபோடும் மாடும் ஆடும் மீத்தேன் என்னும் வாயுவைப் பெருமளவில் வெளிவிடுகின்றன. பொருளியலறிஞர் ராஸ் கார்னோ 2008இல் அளித்த காலநிலை மாற்ற அறிக்கை, அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்துக் கங்காருவைப் பெருக்கும் திட்டம் ஒன்றை எடுத்துரைத்தது. 2020ஆம் ஆண்டுக்குள் 70 இலட்சம் மாடுகளையும் 3 கோடியே 60 இலட்சம் ஆடுகளையும் குறைக்கலாம் என்பது அக்கணக்கு. அந்த ஆண்டு வந்து சென்றது, அம்மாற்றம் நிகழவில்லை. கங்காரு மீத்தேனே வெளிவிடுவதில்லை என முன்பு கூறப்பட்டதையும் 2015இல் வெளியான ஆய்வு திருத்தியது. வெளிவிடுகிறது, ஆயின் மாட்டினும் ஆட்டினும் மிகக் குறைவாக.

மூன்றாவது, உடல்நலம். இவ்விறைச்சியில் கொழுப்பு ஏறத்தாழ 2 விழுக்காட்டளவே. புரதமும் இரும்புச்சத்தும் மிகுதி. கொழுப்பின்மையால் நெடுநேரம் அனலில் வைத்தால் உலர்ந்து கடினமாகும். ஆதலின் விரைவில் வாட்டி எடுப்பதே வழக்கம். வாலை மட்டும் மெல்லக் கொதிக்கவைத்துக் குழைப்பர். கருவுற்ற பெண்கள் முழுதும் வெந்ததையே உண்ணவேண்டும் என்பது மருத்துவ அறிவுரை.

நான்காவதாக ஒரு காரணமும் உண்டு. கங்காரு பண்ணையில் அடைத்து வளர்க்கப்படுவதில்லை. அதனை அடைக்கவும் இயலாது. அது தன் மண்ணில், தன் கூட்டத்தோடு திரிந்து, ஓர் இரவில் மடிகிறது. வாகனத்தில் ஏற்றப்பட்டுக் கொலைக்களத்திற்கு அழைத்துச் செல்லப்படும் அச்சம் அதற்கு இல்லை. இக்காரணங்களை ஏற்றுக்கொண்டு, பிற இறைச்சிகளை நீக்கிக் கங்காரு இறைச்சியை மட்டும் உண்போர் 2010ஆம் ஆண்டளவில் ஆஸ்திரேலியாவில் தமக்கென ஒரு பெயரையே சூட்டிக்கொண்டனர். 'கங்காடேரியன்' என்பது அப்பெயர்.

மடிப்பையின் வினா

இக்காரணங்கள் முடியும் இடத்தில்தான் கடினமான வினா தொடங்குகிறது.

வணிக வேட்டை இரவில் நிகழ்கிறது. உரிமம் பெற்றவர் வண்டியில் சென்று, விளக்கொளியைப் பாய்ச்சி, திகைத்து நிற்கும் விலங்கைத் தலையில் சுட வேண்டும் என்பது விதி. ஒவ்வோர் உடலிலும் எண்ணிட்ட அடையாளச் சீட்டு கட்டப்படும். ஆண்டுதோறும் எத்தனை கொல்லலாம் என்பதை மாநில அரசுகள் கணக்கெடுப்பின் அடிப்படையில் வரையறுக்கின்றன. பொதுவாக அது 10 முதல் 20 விழுக்காட்டளவு. நடைமுறையில் கொல்லப்படுபவை அவ்வளவை எட்டுவதில்லை. இவ்விதிகள் இனம் அழியாமல் காக்கலாம். ஆயின் விதிகளுக்குள் அடங்காத ஓர் உயிர் உண்டு, அது குட்டி.

கங்காருவின் தாய்மை வியப்புக்குரியது. ஏறத்தாழ 33 நாள்களில் பிறக்கும் செங்கங்காருக் குட்டி ஒரு கிராம் எடைகூட இல்லாதது. தானே தாயின் வயிற்றில் ஏறிப் பையை அடைந்து முலையைப் பற்றிக்கொள்கிறது. எட்டுத் திங்கள் கழிந்து பையை விட்டு நீங்கியபின்னும், ஓராண்டு நிறையும்வரை தலையை உள்ளே நீட்டிப் பாலுண்கிறது. அதே வேளையில் பைக்குள் இளைய குட்டியும், கருவறையில் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும் கருவும் இருத்தல் கூடும். இரு குட்டிகளுக்கும் இரு வேறு தன்மையுள்ள பாலைத் தாய் ஒரே காலத்தில் சுரக்கிறாள்.

இத்தகைய தாய் சுடப்பட்டால், பையிலுள்ள குட்டியை அடித்துக் கொன்றுவிடவேண்டும் என்பதே அந்நாட்டு நடைமுறைக் கோவையின் விதி. அதனைக் கொடுமை எனச் சொல்வோர் உளர். பாலின்றித் துடித்து மடிவதினும் அது விரைவான முடிவு என வாதிடுவோரும் உளர். பையை விட்டு வெளிவந்து தாயைப் பின்தொடரும் குட்டியையும் சுடவேண்டும் என்கிறது விதி. ஆயின் அது வெடியோசை கேட்டு இருளுக்குள் ஓடிவிடும். அங்கே பசியாலும் குளிராலும் நரியாலும் அது அடையும் முடிவைக் காண்பவர் யாருமில்லை. எந்தக் கணக்கேட்டிலும் அதற்கு இடமில்லை.

இவ்வினாவுக்கு விடையாகச் சில இறைச்சி நிறுவனங்கள் ஆண்விலங்குகளை மட்டுமே வாங்குவது என முடிவு செய்தன. அது ஒரு நல்ல படி. எனினும் கொல்லப்படும் கங்காருக்களின் இறைச்சியில் கணிசமான பகுதி இன்றும் வளர்ப்பு நாய் பூனைகளுக்கே செல்கிறது என்பதையும், பயிரையும் புல்லையும் காக்கவெனத் தனி இசைவு பெற்றுச் சுடப்படும் பல உடல்கள் யார்க்கும் பயனின்றிக் களத்திலேயே கிடந்து மட்குகின்றன என்பதையும் இணைத்தே எண்ணவேண்டும். இறைச்சியை மறுப்பதால் மட்டும் கொலை நின்றுவிடுவதில்லை. வாங்குவதால் மட்டும் நிலம் மீண்டுவிடுவதுமில்லை.

பழங்குடியினரின் குரலும் ஒன்றாக இல்லை. வேட்டையை வாழ்வாகவும் வருவாயாகவும் கொள்ள விரும்புவோர் அவர்களுள் உண்டு. தம் குலமரபு உயிரை வணிகப்பொருளாக்குவதை வெளிப்படையாக எதிர்ப்போரும் உண்டு. 2021இல் நியூ சவுத் வேல்ஸ் சட்ட மேலவைக் குழு கங்காருக்களின் நிலைபற்றி விசாரித்தபோது அத்தகைய எதிர்ப்புக் குரல்களும் ஒலித்தன. கடலாமைக்காக 1770இல் கேட்ட வினா இன்னும் முடிவுறவில்லை என்பதே இதன் பொருள்.

பெயர் தேடிய போட்டி

2005ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய உணவு இதழ் ஒன்று வியப்பான போட்டியொன்றை நடத்தியது. ஆங்கிலத்தில் மாட்டுக்கு ஒரு பெயர், மாட்டிறைச்சிக்கு வேறொரு பெயர். பன்றிக்கும் மானுக்கும் அவ்வாறே. கங்காருவுக்கோ விலங்கின் பெயரே இறைச்சியின் பெயராகவும் உள்ளது. உண்ண அமர்வோரின் மனத்தில் அந்த உயிரின் முகம் தோன்றிவிடுகிறது. 1968 முதல் 1970 வரை ஒளிபரப்பாகிக் குழந்தைகளின் நெஞ்சில் குடிகொண்ட 'ஸ்கிப்பி' என்னும் தொலைக்காட்சித் தொடரின் கங்காருவும் நினைவுக்கு வருகிறது. எனவே உயிரை நினைவூட்டாத புதுப்பெயர் ஒன்றைத் தருமாறு வாசகர்கள் கேட்கப்பட்டனர். 'மாரூ', 'ஜம்ப்மீட்' போன்ற பெயர்கள் வந்தன. வெற்றிபெற்ற பெயர் 'ஆஸ்ட்ரலஸ்'. அப்பெயர் வழக்கில் ஊன்றவில்லை. மக்கள் கங்காரு என்றே சொல்லி வாங்குகின்றனர், அல்லது சொல்லி மறுக்கின்றனர்.

சொல்லே தொழிலாகக் கொண்ட கவிஞர்கள் இந்தத் தோல்வியைக் குறித்து வருந்தவேண்டியதில்லை. உண்பவன் கண்ணிலிருந்து உயிரை மறைப்பதற்காகப் படைக்கப்பட்ட சொல் அது. கூகு யிமிதிர் மக்களின் 'மின்ஹா'வும் இறைச்சியைக் குறித்த சொல்தான். ஆயின் அது 'கங்குரு'வை மறைக்கவில்லை. அதன் அருகில் நின்றது.

நிறைவாக

புலால் மறுத்தலைத் தனி அதிகாரமாக வகுத்த வள்ளுவர், கொல்பவன் வேறு, தின்பவன் வேறு எனப் பிரித்துத் தப்பிக்கும் வழியை அடைத்துவிட்டார். அந்நெறியில் நின்று எல்லா ஊனையும் மறுப்பவரது நிலை தெளிவானது; அதற்கு விளக்கம் வேண்டா. எடுத்ததைப் பகிர்ந்து, ஒறுக்கவேண்டிய இடத்தில் ஒறுத்து, நிலத்துக்கு உரியவரை மதித்து உண்ட பழங்குடியினரின் நிலையும் தெளிவானது. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவர்க்கே கங்காரு இறைச்சி ஒரு தேர்வாகிறது.

அழகிய கண்களும் அரசிலச்சினைப் பெருமையும் உடையது என்பதற்காகக் கங்காருவை மறுத்து, அந்த மண்ணுக்கு அந்நியமான ஆட்டின் ஊனைத் தயக்கமின்றி உண்பது அருளுடைமை ஆகாது; அது பழக்கத்திற்கு அருளின் ஆடையை உடுத்துவது. நிலத்துக்கு நல்லது என்னும் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு இருளுக்குள் ஓடிய குட்டியை எண்ண மறுப்பதும் அறிவுடைமை ஆகாது. உண்பவர் எனில், அது எங்கே, எவ்வாறு, எந்தப் பாலினத்து விலங்கிலிருந்து வந்தது என்பதை அறிந்து, அளவறிந்து, வீணாக்காது உண்ணல் வேண்டும். அந்நிலத்தின் முதல் மக்கள் என்ன சொல்கின்றனர் என்பதற்குச் செவிசாய்த்தல் வேண்டும். மறுப்பவர் எனில், தம் கலத்தில் உள்ள வேறு ஊனையும் அதே அளவுகோலால் அளத்தல் வேண்டும்.

உணவைக் கருப்பொருளாக எண்ணிய மரபில் வந்தவர்கட்கு இது புதிய பாடமன்று. கலத்தில் இருப்பது எந்நிலத்தது, அதற்கு என்ன பெயர், அதனை இழந்தவர் யார் என்னும் மூன்றையும் அறிந்து உண்க என்பதே அதன் சுருக்கம். கங்காருவைக் கங்காரு என்றே அழைத்து, அதன்பின் உண்ணவோ மறுக்கவோ துணிபவரே உணவைத் தேர்ந்தவராவர்.